கெமியாஸ்மோசிஸ்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

பெரம்பூர், உயிரியல் ஆசிரியை (திங்கள் இரவு)

குழுவினர் அனைவர்க்கும் வணக்கம். பதினோராம் வகுப்புக்காக நாங்கள் நால்வர் எழுதிவரும் துணைநூலில், செல் ஆற்றல் பெறும் வழியைச் சொல்லும் பகுதி வெள்ளிக்கிழமை மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். நொதித்தல், வளர்சிதை மாற்றம், செல் பகுப்பு ஆகியவற்றுக்குப் பழகிய சொற்கள் இருக்கின்றன. கெமியாஸ்மோசிஸ் ஒன்றுதான் இழுத்தடிக்கிறது. கையெழுத்துப் படியில் ‘வேதிச் சவ்வூடு பரவல்’ என்று எழுதியிருந்தேன். சென்ற வாரம் வகுப்பில் அதைச் சொல்லிப் பார்த்தபோது முன்வரிசை மாணவி எழுந்து, “தண்ணீர் உள்ளே போகுமா, வெளியே வருமா மிஸ்?” என்று கேட்டாள். அவள்மேல் குற்றமில்லை. போன மாதம்தான் உருளைக்கிழங்கைக் குடைந்து, சர்க்கரைக் கரைசல் ஊற்றி, குண்டூசி குத்தி மட்டம் குறித்து, தண்ணீர் சவ்வைக் கடந்து செல்லும் சவ்வூடு பரவலைக் காட்டியிருந்தேன்.

இங்கே நடப்பது வேறு. உணவிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்கள், செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் புரதத்துக்குப் புரதம் கைமாறி ஆக்சிஜனைச் சேர்கின்றன. வழியில் விடுபடும் ஆற்றலால் புரோட்டான்கள் சவ்வுக்கு அப்பால் இறைக்கப்படுகின்றன. அப்படிக் குவிந்தவை ஒரு நொதியின் வழியாகத் திரும்பிப் பாயும்போது அந்நொதியின் ஒரு பகுதி சுழன்று, செல் செலவிடும் ஆற்றலைத் தாங்கிய அடினோசின் முப்பாஸ்பேட்டை உண்டாக்குகிறது. இறைத்தல், குவிதல், பாய்தல், சுழலுதல் ஆகிய நான்கையும் சேர்த்து ஒரு பெயர் வேண்டும். (முப்பாஸ்பேட் என்று நீட்டி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் எழுத்தில் டகரம் ஒன்றே என்பதால், மூன்று பாஸ்பேட் உள்ளதும் ‘ஏ.டி.பி.’, இரண்டு உள்ளதும் ‘ஏ.டி.பி.’ ஆகிவிடுகிறது. ஒன்று மற்றொன்றாக மாறுவதே பாடமாக இருக்க, இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு எப்படி நடத்துவது?)

மயிலாப்பூர், ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் (செவ்வாய் காலை)

அன்புள்ள ஆசிரியை அம்மா அவர்களுக்கு, உங்கள் மாணவியின் கேள்வியைக் கல்லூரியில் ஆண்டுதோறும் நானும் எதிர்கொண்டிருக்கிறேன். தமிழாக்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. குழப்பம் மூலச்சொல்லிலேயே இருக்கிறது. ஆங்கிலேய உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் 1961-இல் இக்கருத்தை வெளியிட்டார். பல ஆண்டுகள் ஏற்க மறுத்த துறையே பின்பு ஒப்புக்கொண்டு, 1978-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கிரேக்கத்தில் ‘ஓஸ்மோஸ்’ என்றால் தள்ளுதல், உந்துதல். சவ்வூடு பரவலின் பெயரும் அவ்வேரிலிருந்து வந்ததுதான் என்றாலும், நமக்கு வேண்டியது வேரின் பொருள். கிளையில் சொட்டும் தண்ணீர் வேண்டியதில்லை. ஆகவே ‘வேதியுந்தம்’ என்று முன்மொழிகிறேன்.

தள்ளுதல்தான் பொருள் என்பதற்கு 1966-இல் ஜேகன்டார்ஃபும் உரிபேயும் செய்த சோதனையைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். பாலக் கீரையில் ஒளியைக் கொண்டு ஆற்றல் திரட்டும் பசுங்கணிகங்களைப் பி.எச். 4 அளவுள்ள அமிலத்தில் ஊறவைத்து, உள்ளெல்லாம் புரோட்டான் நிறைந்தபின், பி.எச். 8 அளவுள்ள காரக் கரைசலுக்கு இருட்டிலேயே சட்டென்று மாற்றினார்கள். ஒளி துளியும் இல்லாமல் முப்பாஸ்பேட் உண்டாயிற்று. உள்ளே நெருக்கமும் வெளியே வெறுமையும் இருந்தது ஒன்றே போதுமானதாக இருந்தது. (பாலக்கைப் பசலை என்று மொழிபெயர்க்காதீர்கள், நம் பசலைக்கொடி வேறு குடும்பம். அது தனி வழக்கு.)

மேற்கு மாம்பலம், புலவர் (செவ்வாய் மாலை)

பேராசிரியர் ஐயா அவர்களின் அறிவியலில் குறுக்கிட எனக்குத் தகுதியில்லை, சொல்லில் குறுக்கிடுகிறேன். இறைத்துத் தேக்கிய ஒன்று குறுகிய வாயில் பாய்ந்து வேலை செய்கிறது என்றால் அதற்குத் தமிழன் ஈராயிரம் ஆண்டுகளாக வைத்திருக்கும் பெயர் மடை. மடுத்தல் என்பது உள்வாங்குதல். செவிமடுத்தல், வாய்மடுத்தல் என்று இன்றும் எழுதுகிறோம். அவ்வேரில் பிறந்த மடை நீர் புகும் வாயிலுக்கும் ஆயிற்று, தெய்வத்துக்குப் படைக்கும் சோற்றுக்கும் ஆயிற்று. கோயிலின் மடைப்பள்ளியை எண்ணிப் பாருங்கள். உணவும் பாய்ச்சலும் ஒரே சொல்லுக்குள் அடங்கிய மொழி வேறு எது? “உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே” என்று புறநானூற்றின் பதினெட்டாம் பாட்டில் குடபுலவியனார் பாடியது, நீரைத் தேக்கி வைக்குமாறு பாண்டியனுக்குச் சொன்ன அறிவுரையின் நடுவில்தான் என்பதை மறக்கக் கூடாது. உண்டி, தேக்கம், உயிர் மூன்றும் அங்கேயே கிடக்கின்றன.

மடையன் என்ற வசைகூட மடை காத்தவனையோ மடைப்பள்ளியில் சமைத்தவனையோ குறித்த சொல்லாக இருந்து பின்பு இழிந்ததென்பது என் துணிபு. மடமையிலிருந்து வந்தது என்போர் உளர், அவர்களுக்கு வேறொரு நாள் விடை சொல்கிறேன். ‘வேதி’ வேண்டா, அது வடமொழி. ‘உயிர்மடை’ எனலாம்.

மயிலாப்பூர் (செவ்வாய் இரவு)

சித்தர்கள் இரசவாதத்தை வேதை என்றார்கள். வேதியியல் என்ற பாடப்பெயரே அந்த வழியில் வந்து வேரூன்றிவிட்ட பிறகு, வேதியை மட்டும் வாசலில் நிறுத்திப் பிறப்புச் சான்றிதழ் கேட்பது முறையா? “கடிசொல் இல்லைக் காலத்துப் படினே” என்பது தொல்காப்பியம்.

குன்றத்தூர், ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர் (புதன் காலை)

மடையோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சிறு திருத்தம். மடை என்பது திறப்பு. திறப்புக்கு ஆற்றல் கிடையாது. பின்னால் நிற்கும் நீருக்குத்தான் உண்டு. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு மட்டம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. அந்தத் தேக்கம் இல்லாவிட்டால் ஷட்டரை ஏற்றினாலும் இறக்கினாலும் ஒன்றே. புலவர் ஐயாவின் மடை சுழலும் நொதிக்கு மிகப் பொருந்தும், முழு நிகழ்வுக்குப் பொருந்தாது. அதேபோல் பேராசிரியரின் ‘உந்தம்’ ஏற்கெனவே இயற்பியலில் நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி வரும் அளவுக்குப் பெயராகிவிட்டது. ஒரே மாணவன் காலையில் ஓர் உந்தமும் மாலையில் வேறோர் உந்தமும் படிக்க வேண்டுமா? குறைந்தது ‘உந்தல்’ என்றாவது மாற்றுங்கள்.

தேக்கத்தின் அளவையும் நூலில் எழுதுமாறு ஆசிரியை அம்மாவைக் கேட்டுக்கொள்கிறேன். உட்சவ்வின் இருபுறமும் நிற்கும் மின்னழுத்த வேறுபாடு ஏறத்தாழ 150 மில்லிவோல்ட். பேனா டார்ச்சின் ஒற்றை பாட்டரிக்குப் பத்தில் ஒரு பங்கு. ஆனால் சவ்வின் தடிமன் 5 நானோமீட்டர் அளவே. வகுத்துப் பார்த்தால் மீட்டருக்கு 3 கோடி வோல்ட் வருகிறது. இவ்வளவு மெல்லிய கரையில் இவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் அணையை நான் கட்டியதில்லை.

செறிவு வேறுபாட்டுக்கு ‘வாட்டம்’ நல்ல சொல். தளம் போடும் கொத்தனார் நீர் வடிய வாட்டம் விடுவது எல்லோருக்கும் தெரியும்.

பெரம்பூர் (புதன் பிற்பகல்)

பொறியாளர் ஐயா, இன்று சொல்லிப் பார்த்தேன். ‘புரோட்டான் வாட்டம்’ என்று கரும்பலகையில் எழுதியதும் பின்வரிசையிலிருந்து, “பாவம், சாப்பிடவில்லையா?” என்று குரல் வந்தது. சரிவு என்றே போட்டுவிடுகிறேன்.

வளசரவாக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர் (புதன் இரவு)

எங்கள் பள்ளிக்கூடத்தில் செல்லைக் கலம் என்றும், மைட்டோகாண்ட்ரியாவை இழைமணி என்றும், வளர்சிதை மாற்றத்தை அனுசேபம் என்றும், சவ்வூடு பரவலைப் பிரசாரணம் என்றும் படித்தோம். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த நாளிலிருந்து அங்கே இந்த வேலை நடக்கிறது. சென்னையில் ஒரு சொல்லை முடிவு செய்யும்போது, கடலுக்கு அப்பால் அதே பாடத்துக்கு வேறு சொல் இருக்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லை என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். இழைமணி எவ்வளவு அழகான சொல்! இழை போலவும் மணி போலவும் இருப்பது என்று பெயரிலேயே படம் இருக்கிறது. இந்தத் துணைநூலிலாவது அதை எடுத்துக்கொள்ளக் கூடாதா?

கீழ்ப்பாக்கம், மருத்துவர் (புதன் நள்ளிரவு)

எந்தச் சொல்லை எடுத்தாலும் அதன் பிள்ளைச் சொற்கள் பிறக்குமா என்று பாருங்கள். டைநைட்ரோஃபீனால் என்ற பொருள் புரோட்டான்களைச் சவ்வின் ஊடே கசியவிடுகிறது. இறைக்கும் வேலை ஓயாது. முப்பாஸ்பேட் குறைந்து, ஆற்றல் வெப்பமாகவே வீணாகிறது. 1930-களில் அமெரிக்காவில் உடல் மெலிய இதை விழுங்கி, காய்ச்சல் தலைக்கேறி இறந்தவர்கள் உண்டு. பச்சிளங்குழந்தையின் பழுப்புக் கொழுப்பிலோ இதே கசிவு ஒரு புரதத்தின் வழியாக அளவோடு நடந்து, குளிரிலிருந்து காக்கிறது. மடை என்றால் இதனைக் ‘கரைக்கசிவு’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். உந்தல் என்றால்? உந்தல் பிரிப்பா, உந்தல் முறிவா? புலவர் ஐயா பக்கம் சாய்கிறேன்.

அண்ணாநகர், மொழிபெயர்ப்பாளர் (வியாழன் காலை)

பேருந்து என்ற சொல் வழக்கில் நின்றது, மகிழுந்து நிற்கவில்லை. இரண்டும் ஒரே உந்துதான். எது ஓடும் என்பதைச் சொல்லைப் படைப்பவர் முடிவு செய்வதில்லை. வடவெழுத்தை ஒருவித் தமிழெழுத்தோடு புணர்ந்தால் வடசொல்லும் சொல்லாகும் என்ற இலக்கணம் கிரேக்கத்துக்கு மட்டும் கதவடைக்குமா? நுழைவுத் தேர்வுக்குப் போகும் பிள்ளைக்குக் ‘கெமியாஸ்மோசிஸ்’ என்றே கொடுத்துவிடுவது இரக்கம்.

பெரம்பூர் (வியாழன் இரவு)

அனைவர்க்கும் நன்றி. இழைமணியைச் சொல்லடைவில் சேர்த்திருக்கிறேன்; ஆனால் நாம் தேடும் பெயருக்குள் அது வர இயலாது. ஏனெனில் பாக்டீரியாக்கள் இதே வேலையைத் தங்கள் செல்சவ்விலேயே செய்கின்றன. மைட்டோகாண்ட்ரியாவே ஒருகாலத்தில் தனித்து வாழ்ந்து, பிறகு வேறொரு செல்லுக்குள் குடிபுகுந்த பாக்டீரியாவின் வழிவந்தது. அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் 1967-இல் அக்கருத்தை மீட்டெழுப்பினார். செல் பகுப்பின்போது மைட்டோகாண்ட்ரியாவைப் புதிதாகக் கட்ட இயலாமல், இருப்பவையே பிளந்து பெருகி இரு சேய்ச்செல்களுக்கும் பங்காவது அந்தப் பழைய வாழ்வின் மிச்சம். இன்னும் பின்னே போனால், ஆழ்கடலில் காரநீர் ஊறும் பாறைத் துளைகளில், கடல்நீர் அமிலமாகவும் ஊற்றுநீர் காரமாகவும் இருந்த இயற்கையான சரிவிலேயே முதல் வளர்சிதை மாற்றம் தொடங்கியிருக்கலாம் என்று ஒரு கருதுகோள் உண்டு. அது உண்மையானால், இறைப்பதற்கு முன்பே பாய்தல் இருந்தது. ஏற்றக்காரன் பிறகுதான் வந்தான். ஆகவே பெயரில் உறுப்பும் வேண்டா, இறைப்பும் வேண்டா.

பதினொருவர் வாக்களித்தீர்கள். வேதியுந்தல் 5, மடை 3, கெமியாஸ்மோசிஸ் 2. ஒருவர் எதுவானாலும் சரி, தூங்கப் போகிறேன் என்று எழுதியிருந்தார். பாதிகூடத் தேறவில்லை, ஆனாலும் நாளை மாலைக்கு மேல் நாள் இல்லை. தலைப்பில் வேதியுந்தல் என்றும், சுழலும் நொதியின் படத்துக்குக் கீழே ‘புரோட்டான் மடை’ என்றும் போடுகிறேன்.

மேற்கு மாம்பலம் (வெள்ளி காலை)

என் மறுப்பைக் குழுவின் பதிவில் வைக்குமாறு வேண்டுகிறேன். மேலும், நீங்கள் அனுப்பிய மெய்ப்பின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ‘வேதி உந்தல்’ என்று இடம்விட்டு அச்சாகியுள்ளது. இகரத்தின் பின் உகரம் வந்தால் யகரம் உடம்படுமெய்யாக வர வேண்டும். தோற்ற சொல்லையாவது புணர்ச்சியோடு அச்சிடுங்கள்.

பெரம்பூர் (வெள்ளி இரவு)

திருத்தி அனுப்பிவிட்டேன் ஐயா. இன்று வகுப்பில் புதிய சொல்லை எழுதினேன். அதே முன்வரிசை மாணவி, “எது எதை உந்துகிறது மிஸ்?” என்று கேட்டாள். பதில் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

மேற்கு மாம்பலம் (வெள்ளி இரவு)

மடை என்று எழுதியிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது அம்மா.