பிளாக்செயின் விளையாட்டில் புதியவருக்கு வாலட்டைக் காட்டலாமா, மறைக்கலாமா?

அரைவட்டம்:
பிளாக்செயின் (பல கணினிகள் சேர்ந்து காக்கும் பொதுக் கணக்கேடு) விளையாட்டைத் திறந்ததும் என்ன வருகிறது? வாலட் (டிஜிட்டல் பணப்பை) நிறுவு, அது தொலைந்தால் மீட்க உதவும் 12 மீட்புச் சொற்களைத் தாளில் எழுது, டோக்கன் (டிஜிட்டல் நாணயம்) வாங்கு, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கேஸ் கட்டணம் கட்டு. ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற விளையாட்டில் தொடக்கத்தில் ஆக்ஸி எனும் டிஜிட்டல் உயிரினங்கள் மூன்றை விலைகொடுத்து வாங்கினால்தான் ஆடவே முடிந்தது. விளையாட வந்தவரை ஏன் வங்கி எழுத்தர் ஆக்குகிறீர்கள்? மின்னஞ்சலோ கைரேகையோ போதும். வாலட் பின்னணியில் உருவாகட்டும், கட்டணத்தை நிறுவனம் ஏற்கட்டும். 2023 மார்ச்சில் எத்தீரியம் என்ற பிளாக்செயினில், பயனரின் கட்டணத்தை வேறொருவர் கட்ட இடம்தரும் ஈஆர்சி-4337 தரநிலை வந்த பிறகு இதற்கு வழி இருக்கிறது.

சாவிக்கொத்து:
வாலட்டிலிருந்து எதையும் அனுப்பக் கையெழுத்திடும் ரகசியச் சாவி யார் கையில் இருக்கும்? நிறுவனத்தின் சர்வரில் என்றால், அதற்குப் பிளாக்செயின் எதற்கு?

வசதியின் விலைக்கு ரோனின் சாட்சி. அது ஆக்ஸி விளையாட்டின் பிளாக்செயின்; அதற்கும் எத்தீரியத்துக்கும் இடையே பணத்தை மாற்றும் பாலத்தில்தான் திருட்டு நடந்தது. 2021 நவம்பரில் பயனர் கூட்டத்தைச் சமாளித்து இலவசப் பரிவர்த்தனை வழங்க, விளையாட்டின் சமூக நிர்வாக அமைப்பான ஆக்ஸி டிஏஓ தன் சார்பில் கையெழுத்திடும் உரிமையை, விளையாட்டை உருவாக்கிய ஸ்கை மேவிஸ் நிறுவனத்துக்குத் தந்தது. டிசம்பரில் அந்த ஏற்பாடு நின்றது. உரிமையை யாரும் ரத்து செய்யவில்லை. 2022 மார்ச்சில் பாலத்திலிருந்து பணம் எடுக்க, திருடர்களுக்கு ஒன்பது சரிபார்ப்பாளர்களில் ஐவரின் கையெழுத்துகள் தேவைப்பட்டன. ஐந்தாவது அந்த வழியாகத்தான் கிடைத்தது. 1,73,600 ஈத்தர் (எத்தீரியத்தின் நாணயம்) போனது. போனதே ஆறு நாள் கழித்துத்தான் தெரிந்தது!

அரைவட்டம்:
அது நிறுவனத்தின் அலட்சியம். 12 சொற்களைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தவரின் பணமும் அதே பாலத்தில்தான் இருந்தது. அவரை அந்தத் தாள் காப்பாற்றியதா?

நடுக்கோடு:
இருவரும் முதல் நிமிடத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பத்தாவது நிமிடம்தான் ஆபத்து. ஒவ்வொரு நகர்வுக்கும் 'ஒப்புதல்' கேட்டால் விரல் படிக்காமலே அழுத்தப் பழகிவிடும். பிறகு போலித் தளம் ஒன்று உங்கள் சேகரிப்பு முழுவதற்கும் அனுமதி கேட்கும். அதற்கும் விரல் அழுத்தும். திரையில் புரியாத எண்வரிசை வந்தால் யார்தான் படிப்பார்கள்? 'இதை ஏற்றால் உங்கள் பொருள்கள் அனைத்தையும் இவர்கள் எடுத்துச் செல்லலாம்' என்று எழுதுங்கள். சாதாரண நகர்வுகளுக்கு, சில மணி நேரத்தில் காலாவதியாகும் தற்காலிகச் சாவி போதும்.

சாவிக்கொத்து:
தற்காலிகச் சாவிக்கு நான் எதிரியல்ல. அது நகர்த்தலாம், விற்கவோ பிறருக்கு அனுப்பவோ கூடாது. உண்மையான சாவியை, விற்கத்தக்க பொருள் முதன்முதலாகக் கைக்கு வரும்போது ஒப்படையுங்கள். அப்போதுதான் காக்க ஏதோ இருக்கிறது என்று அவருக்கே உறைக்கும்.

அரைவட்டம்:
ஆட்டத்தின் நடுவில் கேட்டால் 'பிறகு' என்று தள்ளிவிடுவார்களே.

சாவிக்கொத்து:
தள்ளட்டும். ஆட்டம் தொடரும், விற்பனை மட்டும் பூட்டியிருக்கும்.

அரைவட்டம்:
சரி, இதை ஏற்கிறேன். ஆனால் ஃபோன் தொலைந்தால் மீட்பது யார்? நிறுவனம் என்றால் உங்கள் பழைய கேள்விதான் வரும். நண்பர்கள் மூவர் என்றால், நேற்று சேர்ந்த ஆளுக்கு நம்பகமான மூவர் அங்கே ஏது?

நடுக்கோடு:
தனக்கே சொந்தமான இன்னொரு கருவியை இரண்டாம் சாவியாகச் சேர்க்கலாம். இரண்டாவது கருவியே இல்லாதவருக்கு என்ன செய்வது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.