தோடம்பழ நிறத்தில் ஒரு சின்ன வாள்

லெகோ, அதாவது ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்ரிக் விளையாட்டுக் கட்டிகள், சேர்ப்பவர்களின் இந்தக் குழுவில் எல்லோரும் தங்களிடம் இருக்கும் பெரிய லெகோக் கோட்டைகளையும் கப்பல்களையும் பற்றி எழுதியிருந்ததை ஆசையாக வாசித்தேன். என்னிடம் அப்படிப் பெரிய பெட்டி ஒன்றும் இல்லை. நான் சேர்ப்பது இருபது முப்பது துண்டுகளோடு வந்த பழைய சின்ன லெகோப் பெட்டிகள், அதுவும் அதற்குள் இருக்கும் விசித்திரமான துண்டுகளுக்காகத்தான். இந்தச் சேர்ப்பு எப்படித் தொடங்கியது என்று கேட்டிருந்தீர்கள், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

1994இல் எனக்கு எட்டு வயது. போரால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பொருளாதாரத் தடை. தடை செய்த சாமான்களில் பற்றரியும் ஒன்று என்பதால், வெளிநாட்டில் இருந்து யாராவது ஓடுகிற கார், கத்துகிற பொம்மை என்று அனுப்பினாலும் அதை வைத்துப் பார்க்கத்தான் முடியும். அந்த நேரம் டென்மார்க்கில் இருந்த மாமா கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து சித்தப்பா கிளாலிக் கடலால் படகில் கொண்டுவந்து சேர்த்த ஒரு சின்னப் பெட்டி, பற்றரியே வேண்டாத பெட்டி. சேர்ட் பொக்கற்றுக்குள் வைக்கலாம் போல அவ்வளவு சின்னது. பெரிய பெட்டி என்றால் அந்தப் பயணத்தில் யார் தூக்கிக்கொண்டு வருவார்கள்? சின்னதாக இருந்ததால்தான் அது எனக்குக் கிடைத்தது.

உள்ளே வெள்ளை, நீலத் துண்டுகள், ஒரு சின்னப் பொம்மை ஆள், அப்புறம் தோடம்பழ நிறத்தில் ஒளி ஊடுருவும் ஒரு துண்டு. சுண்டுவிரலை விடச் சின்னது, விளிம்பில் பல்லுப் பல்லாக இருக்கும். அம்மா அதை உடைந்த சீப்பு என்று நினைத்துக் குப்பையோடு கூட்டிவிட்டார், நான் கிணற்றடி வரைக்கும் போய்த் தேடி எடுத்தேன். முற்றத்தில் வெயிலில் பிடித்தால் அதன் விளிம்புகள் மட்டும் தனியாக எரிவது போல இருக்கும், நடுப்பகுதி மங்கலாகவே கிடக்கும். ஏன் அப்படி என்று அப்போது யாரிடமும் கேட்கத் தெரியவில்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, என்ன நடந்தது என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாவற்குழிப் பாலம் தாண்டிச் சாவகச்சேரிக்குப் போனபோது என் காற்சட்டைப் பொக்கற்றில் அந்தத் தோடம்பழத் துண்டு மட்டும் இருந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தால் பெட்டியும் இல்லை, அது இருந்த அலுமாரியும் இல்லை.

பல வருடங்களுக்குப் பிறகு, இன்ரநெற் கஃபேயில் ஒரு நாள் பழைய லெகோப் படங்களைப் பார்த்துக்கொண்டு போகும்போது அது சட்டென்று கண்ணில் பட்டது. 1993இல் வந்த ‘ஐஸ் பிளானட் 2002’ என்ற விண்வெளி வரிசை. பனி மூடிய கோளில் வேலை செய்யும் ஆட்கள், பனியை அறுக்கும் மெசின் வாள், அந்த வாளின் அலகுதான் என்னிடம் இருந்தது! 1993இல் பெயர் வைத்தவர்களுக்கு 2002 என்பது எட்டாத எதிர்காலம். எங்களுக்கு 2002, போரால் மூடிக் கிடந்த யாழ்ப்பாணம் வரும் ஏ9 பாதை திறந்த வருடம், மாமா முதல் தடவை வீட்டுக்கு வந்த வருடம். அந்த எண்ணைத் திரையில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நண்பன் ஒருவனின் கடையில் கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா லைற் இருக்கிறது. அதற்குக் கீழே இந்தத் துண்டை வைத்துப் பாருங்கள், தணல் மாதிரி முழுதாக ஒளிரும். புற ஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாகத் திருப்பித் தரும் சாயம் அதற்குள் இருக்கிறது. வெயிலில் விளிம்பு மட்டும் எரிந்ததும் அதே காரணத்தால்தான், துண்டுக்குள் பிறக்கும் வெளிச்சம் உள்ளுக்குள்ளேயே பட்டுப் பட்டுப் போய் விளிம்பால் வெளியே வருகிறது. சாதாரணமான தெளிந்த சிவப்பு, மஞ்சள் துண்டுகளை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

சரி, இங்கே யாழ்ப்பாணத்தில் இப்படியான துண்டுகளை எங்கே தேடுவது? கனடா, லண்டன், சுவிஸ் என்று எல்லா இடத்தில் இருந்தும் கப்பலில் பெட்டி வருகிறது. பிள்ளைகள் வளர்ந்ததும் அவர்களின் விளையாட்டுச் சாமானை உடுப்புக்கு நடுவில் இடைவெளி அடைக்கப் போட்டு அனுப்புவார்கள். இங்கே வந்ததும் அது ஆங்கர் பால்மாப் பேணிக்குள்ளோ பிஸ்கற் பேணிக்குள்ளோ போய்விடும். போன வருடம் கொக்குவிலில் ஒரு அம்மா அப்படி ஒரு பேணியைத் தந்தார். “தம்பி, நல்ல கட்டியெல்லாம் மேலே கிடக்கு, அடியிலே கிடக்கிறது உடைசல், அதைக் கொட்டிப்போட்டுக் கொண்டு போங்கோ” என்றார். நான் அங்கேயே நிலத்தில் பேப்பர் விரித்து அடியில் கிடந்ததைத்தான் முதலில் கொட்டினேன். தாடைப் பட்டி வெடித்த ஒரு சிவப்புத் தலைக்கவசம், கோளைச் சுற்றிப் பறக்கும் கலத்தின் படம் பாதி தேய்ந்த ஒரு பொம்மை ஆளின் உடம்பு. 1978இல் விண்வெளி வரிசை தொடங்கியபோது வந்த கவசத்தின் பட்டி மெல்லியது, கழற்றிப் போடும்போது நாடியில்தான் வெடிக்கும், பிறகுதான் தடிப்பாக்கினார்கள். அதனால் வெடிப்பே அதன் வயதைச் சொல்லும். பக்கத்திலேயே ஒரு சின்னக் காந்தம், 1990இல் வந்த ‘எம் ட்ரோன்’ என்ற விண்வெளி வரிசையின் ஆட்கள் சாமான் தூக்கப் பயன்படுத்தியது, பேணியின் அடியில் அப்படியே ஒட்டிக்கொண்டு கிடந்தது. “நல்ல கட்டி” என்று அவர் சொன்னதில் பாதி போலி. உண்மையானதில் கட்டியின் மேலே நிற்கும் ஒவ்வொரு குமிழின் மேலும் லெகோ என்ற பெயர் பொறித்திருக்கும், நகத்தால் தடவினாலே தெரியும்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், பேணியைத் தரம் பிரிக்கும்போது விளங்காத துண்டை எறியாதீர்கள். எட்டுக் குமிழ்க் கட்டி ஆயிரம் பெட்டியில் வந்திருக்கும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரு வாள் அலகு, ஒரு காந்தம், ஒரு முகமூடிக் கண்ணாடி இருந்தால் எந்த வருடம், எந்த வரிசை என்று பிடித்துவிடலாம். சாம்பல் நிறமும் உதவும். 2004 அளவில் அதை நீலம் கலந்த சாம்பலாக மாற்றிவிட்டார்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பழையது கொஞ்சம் மண்ணிறமாகத் தெரியும்.

கழுவுவது பற்றி ஒருவர் கேட்டிருந்தார். சுடுதண்ணீர் வேண்டாம், 40 பாகைக்கு மேல் போனால் துண்டு வளைந்துவிடும் என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். நான் பட்ட பாடு வேறு. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கேத்தலுக்குள் படிவது போலவே தெளிந்த துண்டுகளிலும் காய்ந்தபின் வெள்ளைப் பூப்பு நிற்கும். இரண்டு நல்ல முகமூடிக் கண்ணாடிகளை அப்படி மங்கவிட்டு, பூப்பை எடுக்கிறேன் என்று துணியால் தேய்த்துக் கீறலும் போட்டுவிட்டேன். இப்போது கார்த்திகை மழையில் ஒரு வாளி தண்ணீர் பிடித்து மூடி வைத்துக்கொள்வேன், கடைசி அலசல் அதில்தான். வெயிலில் காயப் போடவே மாட்டேன், வெள்ளைத் துண்டு மஞ்சளாகிப் போகும்.

ஐஸ் பிளானட் ஆளும், அவன் வெள்ளைக் கவசமும், முகத்தை மூடும் தோடம்பழக் கண்ணாடியும் இரண்டு வருடத்தில் மூன்று வீட்டில் இருந்து சேர்ந்துவிட்டன. என் பழைய அலகு செருகும் அந்த வாளின் உடல்தான் இன்னும் கிடைக்கவில்லை. கைபிடியோடு இருக்கும், மேலே அலகு செருக இடம் இருக்கும், பார்த்தால் ஏதோ கழன்று விழுந்த மெசின் துண்டு போல இருக்கும். வலிகாமம் பக்கம் யாராவது பேணியைக் கொட்டினால் அடியில் ஒருக்கால் பாருங்கள். எங்கே என்றாலும் சைக்கிளில் வந்து எடுத்துக்கொள்வேன், பதிலுக்கு என்னிடம் இரண்டாக இருக்கும் எதையும் தருவேன்.