ஜெல் ப்ளாஸ்டர் களத்தில் எப்பிஎஸ் வரம்பு: க்ரோனோ மேசையில் கண்டவை

களநடுவன்:
ஜெல் ப்ளாஸ்டர் என்பது தண்ணீரில் ஊறிய ஜெல் உருண்டைகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி. அதன் வேக வரம்பு 300 எப்பிஎஸ்ஸா (விநாடிக்கு இத்தனை அடி என்ற அளவு), 280ஆ என்ற சண்டை இங்கே வேண்டாம். அதை அந்தந்தக் களம் முடிவு செய்துகொள்ளட்டும். எந்த ஜெல்லைப் போட்டு அளந்த 300 என்பதில்தான் பாதி வில்லங்கம். க்ரோனோ (வேகம் அளக்கும் மீட்டர்) மேசையில் நிற்கிறவர்களும், ஸ்பிரிங்கை இழுத்துவிடும் கியர்பாக்ஸைப் பிரிக்கிறவர்களும் கண்டதை எழுதுங்கள். நான் ஆரம்பித்து வைக்கிறேன்.

ஊறிய ஜெல் ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர்தான். 7 மி.மீ. உருண்டை சுமார் 0.18 கிராம், 7.5 மி.மீ. உருண்டை சுமார் 0.22. அரை மில்லிதானே என்று தோன்றும். எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு கூடிவிடுகிறது. 300 எப்பிஎஸ் என்பது விநாடிக்கு 91.4 மீட்டர். அந்த வேகத்தில் சின்னது 0.75 ஜூல், பெரியது 0.92 ஜூல். பெரியதையும் 0.75-க்குள் நிறுத்த வேண்டுமானால் 271 எப்பிஎஸ்ஸுக்கு இறக்க வேண்டும்.

சுருங்கிய ஜெல்லை 7.5 மி.மீ. பேரலில் போட்டால் ஓரமாகக் காற்று கசியும், எண் குறைவாக வரும், வரம்புக்குள் இருக்கிறது என்ற ஸ்டிக்கர் கிடைத்துவிடும். களத்துக்குள் போய் நன்றாக ஊறிய ஜெல்லைப் போட்டால் அது பேரலை அடைத்துக்கொண்டு வரும். வேகமும் ஏறும், எடையும் ஏறும். ஏமாற்றும் எண்ணம் இல்லாதவருக்கும் இது நடக்கும்: மேகசினை நிரப்பி வெயிலில் வைத்தால் ஜெல் தானாகவே சுருங்கிவிடுகிறது. ஆகவே மேசையில் களத்தின் ஜெல் டப்பா ஒன்று இருக்க வேண்டும். மேகசினைக் காலி செய்து, அதிலிருந்து அள்ளிப் போட்டுத்தான் அளக்க வேண்டும்.

தண்ணீர்த்தொட்டி:
அந்த டப்பாவிலும் கவனம் வேண்டும். ஒரே பாக்கெட்டை இரண்டு தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள், அளவு வேறாக வரும். கடினநீரில் இருக்கும் கால்சியம், பாலிமர் இழைகளை ஒன்றோடொன்று பிடித்துக் கட்டிவிடும், உருண்டை முழுதாக விரியாது. உப்பு கலந்த தண்ணீர் இன்னும் மோசம். காய்ச்சி வடித்த தண்ணீரில் எல்லை மீறிப் பெருத்து டி-பீஸில் (ஜெல் பேரலுக்குள் ஏறும் இணைப்பு) சிக்கும். வெந்நீரில் சீக்கிரம் ஊறும். அவசரத்துக்கு மட்டும் செய்யுங்கள்.

சாதாரணமாக 4 மணி நேரம் ஊறட்டும். பிறகு வடித்து, பத்து உருண்டைகளை வெர்னியரில் அளக்கவும், நசுக்காமல். பத்தும் 7.2-க்கும் 7.4-க்கும் நடுவே வந்தால் அந்த டப்பா மேசைக்குப் போகலாம். மூடி போட்டு நிழலில் வைக்கவும், அடியில் ஒரு விரல்கடை தண்ணீர் நிற்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி அளக்கவும்.

கண்ணாடிபோல் தெளிந்த ஜெல்லை க்ரோனோவுக்கு வைக்காதீர்கள். சென்சாரின் ஒளி அதன் ஊடாகப் போய்விடும். மீட்டர் ஒன்றுமே காட்டாது, அல்லது ஏதோ ஒன்றைக் காட்டும். பால்நிற ஜெல்தான் நல்லது.

மீட்டர்க்காரன்:
ஏதோ ஒன்று என்றீர்களே, அதைப் பற்றிக் கொஞ்சம். குழாய் க்ரோனோவில் இரண்டு சென்சார். முதலாவதைத் தாண்டி இரண்டாவதைத் தாண்ட எடுக்கும் நேரத்தைத்தான் அது வேகமாக மாற்றுகிறது. ஜெல் பேரலிலேயே உடைந்தால் தூறல் முன்னால் போகும், துண்டு பின்னால் வரும். முதல் சென்சாரைத் துண்டும் இரண்டாவதைத் தூறலும் தொட்டால் 700 என்று கூட வரும். அதைப் பார்த்து யாரையும் வெளியே அனுப்பாதீர்கள். உடைந்த சுடுதலின் எண்ணை அடித்துவிட்டு, சென்சார் ஓட்டையை உலர்ந்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, மறுபடி சுடச் சொல்லவும்.

அளக்கும் முறை: பேட்டரி முழு சார்ஜ், செமியில் (ஒரு இழுப்புக்கு ஒரு சுடுதல்) 7 சுடுதல். முதல் இரண்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம், பேரல் ஈரமாவதற்குள் அவை தாறுமாறாக வரும். மீதி ஐந்தில் உச்ச எண்தான் செல்லும். சராசரி பேசிக்கொண்டு வருபவர்கள் உண்டு. முகத்தில் படுவது சராசரி அல்ல. ஐந்துக்கும் நடுவே 25 எப்பிஎஸ்ஸுக்கு மேல் ஆட்டம் இருந்தால் நாசில் (காற்று வெளியேறும் முனை) அல்லது பிஸ்டனில் காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான ஓரிங் கசிகிறது. அவரை உள்ளே விட்டாலும் ஓரிங்கைப் பார்க்கச் சொல்லி விடவும். ஹாப்-அப் (உருண்டைக்குப் பின்சுழற்சி கொடுத்துத் தூரம் கூட்டும் பாகம்) கடைசியாகத் தொட்ட இடத்திலேயே இருக்கட்டும். அதைத் தளர்த்தியபின் அளப்பது வேறு துப்பாக்கியை அளப்பது மாதிரி.

புதுவரவு_7:
ஒரு சந்தேகம் அண்ணா. 330 காட்டுகிற ப்ளாஸ்டரில் 11.1 வோல்ட்டை எடுத்துவிட்டு 7.4 போட்டால் 300-க்கு இறங்கும் என்கிறார்களே, உண்மையா?

ஓரிங்:
இறங்காது தம்பி. வேகத்தைக் கொடுப்பது ஸ்பிரிங். மோட்டார் அதை இழுத்து விடுவதோடு சரி. பேட்டரி குறைந்தால் விநாடிக்கு எத்தனை உருண்டை என்பதுதான் குறையும்.

கம்பி தடிமனைப் பார். அளவும் சுற்றும் ஒன்றாக இருந்தால், விறைப்பு தடிமனின் நாலாம் படியில் மாறும். 1.4-இலிருந்து 1.3 மி.மீ. ஸ்பிரிங்குக்கு இறங்கினால் விறைப்பு முக்கால் பங்காகும், வேகம் சுமார் 14 சதவீதம் குறையும். 330 ஏறக்குறைய 285-இல் வந்து நிற்கும். கசிவு, சிலிண்டர் இதையெல்லாம் பொறுத்துப் பத்துப் பதினைந்து முன்பின் போகும். 310 காட்டுகிற ப்ளாஸ்டராக இருந்தால் ஸ்பிரிங்கைத் தொடாமல், ஸ்பிரிங் கைடில் (ஸ்பிரிங்கின் பின்முனையைத் தாங்கும் தண்டு) இருக்கும் பேரிங்கைக் கழற்றிப் பார். முன் அழுத்தம் சில மில்லிமீட்டர் குறைந்தாலே சிலசமயம் போதும்.

ஸ்பிரிங்கை வெட்டாதே. வெட்டிய முனை தட்டையாக உட்காராது, பிஸ்டன் சாய்ந்து ஓடி சிலிண்டரைக் கீறும். சுற்று குறைந்தால் மீதிச் சுற்றுகள் மில்லிமீட்டருக்கு இன்னும் விறைப்பாகத்தான் ஆகும், அது வேறு. பிரிப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்று, பிஸ்டன் முன்னால் போய் நிற்கிறதா என்று பார். இழுத்த நிலையில் கியர்பாக்ஸைத் திறந்தால் ஸ்பிரிங் முகத்துக்கு வரும். புது ஸ்பிரிங் சில நூறு சுடுதலில் கொஞ்சம் தளரும், ஆகவே முதல் நாளே 299 காட்டும் ஸ்பிரிங்கைத் தேடி அலையாதே.

களநடுவன்:
ஸ்பிரிங்குக்குப் பதில் கேஸ் அழுத்தத்தில் சுடும் வகையை மறந்துவிட்டோம். காலையில் அளந்து ஸ்டிக்கர் ஒட்டியது மதியம் செல்லாது. புரோபேனின் அழுத்தம் 20 டிகிரியில் சுமார் 8 பார், 40 டிகிரியில் சுமார் 14. கேஸ் பிஸ்டல்களை வெயில் ஏறியபின் இரண்டாம் முறை அளக்கவும். நிரப்பியவுடன் மேகசின் குளிர்ந்திருக்கும், தொடர்ந்து சுட்டாலும் குளிரும்; பத்து நிமிடம் வெளிச்சூட்டுக்கு வரவிட்டு முதல் சுடுதலைப் பார்த்தால் உண்மை தெரியும்.

வடக்குமூலை:
வரம்பைக் கூட்டச் சொல்கிறவர்களுக்குத் தூரக் கணக்கு ஒன்று. உருண்டையின் காற்றுத் தடையைப் போட்டுப் பார்த்தால் சுமார் 12 மீட்டரில் வேகம் பாதியாகிவிடுகிறது. 300-இல் கிளம்பியது 10 மீட்டரில் 170-ஐ ஒட்டி இருக்கும். 350-இல் கிளம்பினால் அதே 10 மீட்டரில் 195 போல. சுடப்படுகிறவருக்கு கிட்டத்தில் வலி கூடும், சுடுகிறவருக்கு இரண்டு மூன்று மீட்டர் லாபம். அந்த மீட்டர்களை நல்ல ஹாப்-அப்பும் ஒரே அளவு ஜெல்லுமே கொடுத்துவிடும். போல்ட்-ஆக்‌ஷனுக்கு (ஒவ்வொரு சுடுதலுக்கும் கையால் இழுத்துவிடும் வகை) மட்டும் கூடுதல் வரம்பு கொடுக்கும் களங்கள், அதைவிடக் கிட்டே சுடக்கூடாது என்ற குறைந்தபட்சத் தூரமும் விதிக்கட்டும். அந்தத் தூரத்தைக் கம்பு நட்டுக் காட்ட வேண்டும். வாயால் சொன்ன 15 மீட்டர் ஆட்டச் சூட்டில் 8 ஆகிவிடும்.

காகிள்ஸையும் (கண்காப்புக் கண்ணாடி) இதோடு பாருங்கள். அதற்கான ஐரோப்பிய ஈஎன் 166 தரத்தில் எஃப் முத்திரை என்றால் 6 மி.மீ. எஃகுக் குண்டு விநாடிக்கு 45 மீட்டரில் அடித்தாலும் தாங்க வேண்டும். அது சுமார் 0.87 ஜூல். பி முத்திரைக்கு 120 மீட்டர். ஜெல் மெத்தென்றதுதான், ஆனாலும் 300 எப்பிஎஸ் களத்தில் பி முத்திரையே கேளுங்கள். கம்பிவலை காகிள்ஸ் வேண்டவே வேண்டாம். ஜெல் வலையில் பட்டு உடைந்து சில்லுகள் நேராகக் கண்ணுக்குப் போகும்.

மீட்டர்க்காரன்:
ஸ்டிக்கர் விஷயம் ஒன்று விட்டுப்போனது. மேகசினில் ஒட்டாதீர்கள், கை மாறும். ரிசீவரில் (துப்பாக்கியின் உடற்பகுதி), மேல் கீழ் பாகங்கள் சேரும் கோட்டின் மேல் குறுக்கே ஒட்டவும், பிரித்தால் கிழியும். வெளியிலிருந்து திருகி வேகம் மாற்றும் வகைகளுக்குத் திருகின் தலையில் நகப்பூச்சு ஒரு சொட்டு. காற்று டாங்க் வகைக்கு ரெகுலேட்டர் (அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) பூட்டு. அது இல்லாமல் வந்தால் அன்றைக்கு வாடகைத் துப்பாக்கிதான்.