டெஸ்ட்டில் எல்லாம் சரி, விளையாடினால் மட்டும் கோளாறு: உங்களுக்கும் நடந்ததா?

நடுப்புள்ளி:
கையடக்க கேம் கருவி, பழையது. விற்றவர் டெஸ்ட் ஸ்கிரீனில் ஸ்டிக்கை (கட்டைவிரலால் தள்ளும் குமிழை) சுற்றிக் காட்டினார். வட்டம் அழகாக வந்தது, விட்டதும் புள்ளி நடுவில் நின்றது. வாங்கிவிட்டேன். அப்புறம் ஒருநாள் ஆட்டத்துக்கு நடுவில் கருவியை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், என் ஆள் பாட்டுக்கு இடது பக்கம் நடந்து போய்ப் பள்ளத்தில் விழுகிறான். கை வைக்கவே இல்லை! மறுபடி டெஸ்ட் செய்தேன். டக்கென்று விட்டால் புள்ளி நடுவுக்கு வருகிறது. விரலை எடுக்காமல் இடமிருந்து மெதுவாகக் கொண்டுவந்து விட்டால் நடுவைத் தொடாமல் முன்னாலேயே நின்றுவிடுகிறது. அவர் ஒவ்வொரு தடவையும் டக்கென்றுதான் விட்டார். தெரிந்தே செய்தாரா?

சாய்வுக்கோணம்:
ஸ்டிக்காவது கண்ணுக்குத் தெரியும். ஜைரோ, அதாவது கருவி திரும்புவதை உணரும் சென்சார், இன்னும் மோசம். மேஜையில் அசையாமல் வைத்தபோது மூன்று அச்சிலும் பூஜ்யம்தான் காட்டியது. விளையாடிச் சூடானதும் துப்பாக்கிக் குறி தானாக வலப்பக்கம் ஊர்கிறது, மேலும் கீழும் இல்லை, பக்கவாட்டில் மட்டும். சாய்வில் பிழை வந்தால் முடுக்கத்தை உணரும் ஆக்சிலரோமீட்டர் புவியீர்ப்பை வைத்துத் திருத்திவிடும். கிடையாகத் திரும்பும்போது ஈர்ப்பின் திசை மாறுவதே இல்லையே, எதை வைத்துத் திருத்தும்? சூட்டோடு காலிபரேட் செய்ததும் (பூஜ்யத்தை மறுபடி சரிப்படுத்தியதும்) நின்றது. ஆறிக் கிடக்கும் கருவியில் எடுத்த டெஸ்ட்டை இப்போதெல்லாம் நம்புவதில்லை.

எட்டுத்திசை:
நடுப்புள்ளி, அவரைச் சந்தேகப்படுவது நியாயமே இல்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் விடுவார்கள். என் கதை சின்னது: கீழ் பட்டனை அமுக்கினால் சில நேரம் இடதும் சேர்ந்து விழும். மாற்றிவிட்டேன், அவ்வளவுதான். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒவ்வொரு பட்டனையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு விரலை ஓரத்துக்கு ஓரம் உருட்டுங்கள். உள்ளே ரப்பர் தேய்ந்திருந்தால் அப்போதுதான் சிக்னல் விட்டு விட்டு வரும். பின்பக்க டிரிகரை மெதுவாக அமுக்குங்கள், எண் தாவாமல் ஏற வேண்டும், முழுதாக அமுக்கினால் உச்சத்தைத் தொட வேண்டும். ஆக்சிலரோமீட்டருக்கு ஆறு பக்கமும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் கீழே இருந்தாலும் ஒரு அச்சில் 9.8-ஐயோ −9.8-ஐயோ (மீ/வி²) ஒட்டி வரும், மற்ற இரண்டும் பூஜ்யத்தை ஒட்டி. காந்த மூடி போட்ட உறை இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள், காந்தத்தை வைத்து இடத்தை உணரும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கைக் குழப்பக்கூடும். உங்கள் ஸ்டிக்குக்கு டெட்சோனை (நடுவில் சின்ன அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதியை) கொஞ்சம் கூட்டினாலே போதும், பிரச்சினை தீர்ந்தது.

கரித்தடம்:
தீர்ந்ததா? மறைந்தது என்று சொல்லுங்கள். சாதாரண ஸ்டிக்குக்குள் கரித்தடத்தின் மேல் ஒரு உலோக முனை உரசி ஓடும். அந்தத் தடம் தேய்ந்தால் தேய்ந்ததுதான், மென்பொருளால் வளராது. டெட்சோனைக் கூட்டக் கூட்ட நுணுக்கமாகக் குறிபார்க்கும் அசைவுதான் முதலில் பலியாகும். நானும் கூட்டிக்கொண்டே போனேன். கடைசியில் ஸ்டிக்கைப் பாதி தள்ளினால்தான் ஆள் அசைந்தான், அசைந்த வேகத்தில் ஓடினான், மெதுவாக நடக்கவே முடியவில்லை. ஸ்டிக்கை மாற்றிய பிறகுதான் நடந்தான்.

எட்டுத்திசை:
பாதி வரைக்கும் கூட்டச் சொன்னது யார்? கொஞ்சம் என்றுதானே எழுதினேன்.

நடுப்புள்ளி:
கொஞ்சம் கூட்டிப் பார்த்தேன். நடை நின்றது, இப்போது கேமரா சுற்றுகிறது. வலது ஸ்டிக்கும் அதே கதைதான் போல.