50 சென்ட் குளத்தில் மிருகாலுக்கும் ரோகுவுக்கும் சிவப்புப் புண்: என்ன போடுவது, எவ்வளவு போடுவது?

கேள்வி: ஆற்றுப்பாசனம்

தஞ்சாவூர் பக்கம் 50 சென்ட் குளம். கட்லா, ரோகு, மிருகால் சேர்த்து 1,600 மீன் இருக்கிறது. சராசரி 350 கிராம். மார்கழி மழையில் வாய்க்கால் தண்ணீர் கரை தாண்டி உள்ளே வந்துவிட்டது. அதற்கு மூன்றாவது வாரத்தில் மிருகால் உடம்பில் சிவப்புப் புள்ளி தெரிந்தது. இப்போது சிலதற்குச் செதில் உதிர்ந்து சதை வரை புண். ரோகுவிலும் ஆரம்பித்திருக்கிறது. தினம் நாலைந்து சாகிறது. தீவன மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் பவுடரைத் தீவனத்தில் கலந்து போடச் சொல்கிறார்கள். குளத்தில் பர்மாங்கனேட் போடலாம் என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி?

பதில்: வண்டல்

மருந்துக்கு முன் நான்கு விஷயம் சொல்லுங்கள். விடியற்காலை நீர் வெப்பம், பிஎச், காரத்தன்மை, ஆக்சிஜன். தண்ணீர் சோதிக்கும் கிட் இல்லாவிட்டால் முதலில் அதை வாங்குங்கள்.

நாலைந்து மீனைப் பிடித்து துடுப்பு அடியையும் செவுள் மூடியின் ஓரத்தையும் பாருங்கள். தட்டையாக, வட்டமாக, மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக, கண்ணாடி மாதிரி ஒரு பூச்சி நகர்ந்தால் அது மீன்பேன். அதன் கடிவாயும் சிவப்புப் புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் வைத்தியம் முற்றிலும் வேறு. கரையோரத்தில் விரால், ஆரால், குரவை ஏதாவது புண்ணோடு மிதக்கிறதா என்றும் சொல்லுங்கள்.

ஆற்றுப்பாசனம்:

வெப்பம் 23 டிகிரி. பிஎச் 7.0. காரத்தன்மை 40. ஆக்சிஜன் 3.5. பேன் இல்லை. ஆமாம் அண்ணே, இரண்டு விரால் தலையில் எலும்பு தெரியும் அளவு புண்ணோடு உயிரோடு சுற்றுகிறது.

பதில்: வண்டல்

விராலைப் பார்த்தால் பெரும்பாலும் இயுஎஸ் (எபிசூட்டிக் அல்சரேட்டிவ் சிண்ட்ரோம்) என்ற புண் நோய்தான். மண்டை அரித்த பிறகும் விரால் உயிரோடு நீந்துவது இந்த நோயில் வழக்கம். காரணி அஃபனோமைசிஸ் இன்வேடன்ஸ் என்ற பூஞ்சை போன்ற நீர் உயிரி. இந்தியாவில் 1988இல் வடகிழக்கு மாநிலங்களில் முதலில் பரவியது. இதன் நீந்தும் வித்துகள் தண்ணீர் வழியாகவே ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும். பெருமழைக்குப் பின் வெப்பமும் காரத்தன்மையும் சேர்ந்து இறங்கும்போது மீனின் தோல் தளர்கிறது, வித்து ஒட்டுகிறது. உங்கள் காரத்தன்மை 40 பிபிஎம் (கன மீட்டருக்கு 40 கிராம்) என்பதுதான் இங்கே பெரிய குறை. கெண்டை வளர்ப்புக்கு 80க்கு மேல் இருக்க வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது சுண்ணாம்பு. பிஎச் 7.0 என்பதால் தயங்க வேண்டாம். 8.5க்கு மேல் இருந்தால் மட்டும் போடக்கூடாது, ஏனென்றால் அந்த நிலையில் பிஎச் ஏறினால் நீரிலுள்ள அம்மோனியா விஷமாக மாறி மீனைக் கொல்லும்.

அளவு: 50 சென்ட் என்பது 0.2 ஹெக்டேர். சுட்ட சுண்ணாம்பு ஹெக்டேருக்கு 200 கிலோ, உங்களுக்கு 40 கிலோ. இதை ஒரே நாளில் கொட்டாதீர்கள். 20 கிலோவை முந்தைய நாள் மாலையே டிரம்மில் தண்ணீர் ஊற்றி நீற்ற வையுங்கள். டிரம் கொதிக்கும், பிளாஸ்டிக் வாளி வேண்டாம், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். மறுநாள் காலை ஆறியதும் சாக்கில் வடிகட்டி, கட்டியில்லாத சுண்ணாம்புப் பாலை மட்டும் குளம் முழுக்க வீசித் தெளியுங்கள். கட்டி விழுந்தால் மிருகால் அதைக் கிளறி வாயைப் பொசுக்கிக்கொள்ளும். வெயில் ஏறியபின் போடாதீர்கள், பாசியால் பிற்பகலில் பிஎச் தானாகவே ஏறியிருக்கும். நான்கு நாள் கழித்து மீண்டும் பிஎச் பார்த்துவிட்டு மீதி 20 கிலோ.

சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர் என்றால் தண்ணீர் 3,000 கன மீட்டர். சுத்தமான சுட்ட சுண்ணாம்பு 40 கிலோ காரத்தன்மையை 24 பிபிஎம் அளவுக்குக் கூட்டும், அதாவது 40 என்பது 64 ஆகும். கிளிஞ்சல் சுண்ணாம்பு அவ்வளவு சுத்தமாக இருக்காது, இன்னும் குறைவாகத்தான் ஏறும். ஆகவே மூன்றாவது தவணை தேவைப்படலாம், கிட் பார்த்து முடிவு செய்யுங்கள். நீற்றிப் பொடியாக விற்பது என்றால் எடையை மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள்.

பதில்: குளத்துநீர்

மேலே சொன்னது சரி. பர்மாங்கனேட் பற்றி மட்டும். 2 பிபிஎம், அதாவது கன மீட்டருக்கு 2 கிராம் கணக்கில் 3,000 கன மீட்டருக்கு 6 கிலோ வேண்டும். சேறும் பாசியும் உள்ள குளத்தில் அந்த ஊதா நிறம் சற்று நேரத்திலேயே பழுப்பாகிவிடும். மருந்து மீனுக்குப் போவதற்குள் சேறு அதைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். கூடவே பாசியும் செத்து, மறுநாள் விடியலில் ஆக்சிஜன் இன்னும் இறங்கும். 3.5 இருக்கும் குளத்தில் இதைச் செய்யக்கூடாது. முதல் வேலை, இரவு 2 மணி முதல் சூரியன் வரும்வரை ஏரேட்டர் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் குளத்து நீரையே பம்பில் எடுத்து உயரத்திலிருந்து கொட்ட விடுங்கள்.

மருந்தாக என்றால் சிஃபாக்ஸ். புவனேஸ்வரில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் இந்த நோய்க்கென்றே உருவாக்கியது. ஒரு ஹெக்டேர்-மீட்டருக்கு (ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர்) 1 லிட்டர். உங்களுடையது 0.3 ஹெக்டேர்-மீட்டர், ஆகவே 300 மில்லி. முதல் தவணை சுண்ணாம்புக்கு இரண்டு மூன்று நாள் கழித்து, தண்ணீரில் கரைத்துப் பரவலாகத் தெளியுங்கள். ஒரு வாரத்துக்குள் பலன் தெரிய வேண்டும்.

ஆழத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். கரையோரம், நடு என்று பத்து இடத்தில் மூங்கில் கழியை ஊன்றி அளந்து சராசரி எடுங்கள். மதகடி ஆழத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு மருந்தை ஒன்றரை மடங்காக ஊற்றுவது அடிக்கடி நடக்கிறது.

பதில்: செவுள்

ஆன்டிபயாடிக் வேண்டாம். அது பாக்டீரியாவுக்கான மருந்து, இந்த உயிரியை ஒன்றும் செய்யாது. புண்ணில் பின்னால் சேரும் ஏரோமோனாஸ் பாக்டீரியாவைத்தான் குறைக்கும். அதுவும் தீவனத்தில் கலந்தால், நோயுள்ள மீன் தீவனத்துக்கே வராது, நல்ல மீன்தான் மருந்தைத் தின்னும். பவுடரில் குளோராம்பெனிகாலோ நைட்ரோஃபியூரானோ இருந்தால் உணவு மீனுக்கு அது தடை செய்யப்பட்டது. பூஞ்சைக்கு என்று மாலகைட் கிரீன் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

தீவனத்தைப் பாதியாக்குங்கள். 560 கிலோ மீனுக்கு 2 சதவீதம் போட்டால் 11 கிலோ, அதை 5 கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். தட்டில் வைத்துப் பாருங்கள், இரண்டு மணி நேரத்தில் மிச்சமிருந்தால் இன்னும் குறையுங்கள். வலை இழுக்காதீர்கள், செதில் உதிரும் ஒவ்வொரு இடமும் புதுப் புண்ணுக்கு வாசல். செத்த மீனையும் அந்த விராலையும் தினம் கைவலையால் எடுத்து, குழியில் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். வாய்க்காலில் எறிந்தால் கீழ்க்குளத்துக்காரருக்குப் போய்ச் சேரும்.

உறுதி செய்ய நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையங்களை அணுகலாம். செத்து அழுகியது பயன்படாது. புண் சின்னதாக உள்ள மூன்று நான்கு மீனை உயிரோடு ஆக்சிஜன் பையில் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் புண்ணும் நல்ல சதையும் சேரும் விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் துண்டு வெட்டி 10 சதவீத ஃபார்மலினில் போடுங்கள். புண்ணின் நடுப்பகுதியை எடுத்தால் அங்கே பாக்டீரியா மட்டுமே மிஞ்சியிருக்கும்.

ஆற்றுப்பாசனம்:

புண் இல்லாத மீனை இப்போது விற்கலாமா? அடுத்த முறை வராமல் இருக்க என்ன செய்வது?

பதில்: செவுள்

இது மனிதருக்குத் தொற்றாது. புண் இல்லாத மீனை விற்கலாம், ஆனால் மருந்து எதுவும் போடுவதற்கு முன்பே. புண்ணுள்ளதை விற்கவே கூடாது, புண்ணில் உள்ள பாக்டீரியா வேறு கதை. அவசரம் இல்லையென்றால் காத்திருங்கள். மாசி பிறந்து வெயில் ஏற ஏற லேசான புண்கள் ஆறிவரும்.

பதில்: வண்டல்

அறுவடைக்குப் பின் குளத்தை வற்றவிட்டு, தரை வெடிக்கும்வரை காயப் போடுங்கள். கறுப்புச் சேற்றை வெளியேற்றுங்கள். மண் பிஎச் 6.5 முதல் 7 என்றால் 100 கிலோ சுண்ணாம்பு. பள்ளத்தில் தண்ணீர் நின்றால் விரால் அங்கேயே பிழைத்துக்கொள்ளும். நீர் ஒரு அடி இருக்கும்போதே 150 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு போட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மூன்று வாரம் கழித்துக் குஞ்சு விடுங்கள். குளம் நிரம்பியபின் இதே வேலைக்கு ஐந்து மடங்கு புண்ணாக்கு வேண்டியிருக்கும்.

வாய்க்கால் தண்ணீர் வரும் வாயில் நைலான் பை கட்டினால் காட்டு மீன் வராது, ஆனால் வித்து வரும். அதனால் ஐப்பசிக்கு முன்பே நிரப்பிவிட்டு, தை முடியும்வரை போர்வெல் தண்ணீர் மட்டும் விடுங்கள். கரையை வெள்ள மட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி உயர்த்துங்கள், இந்த முறை நோய் வந்ததே அந்த வழியாகத்தான். ஐப்பசிக் கடைசியில் காரத்தன்மை பாருங்கள், 80க்குக் கீழே இருந்தால் அப்போதே சுண்ணாம்பு. மழைக்காலத்தில் 15 நாளுக்கு ஒருமுறை அளங்கள். வாடகை வலை என்றால் ஒரு முழு நாள் வெயிலில் காயாமல் குளத்தில் இறக்க விடாதீர்கள்.