புதுப்பிப்பு: உப்புவெளி நாற்றுப்பண்ணையில் வேலை கிடைத்துவிட்டது

தொண்டு நிலையங்களுக்குக் கன்றுகளை அன்பளிப்புச் செய்யும் உப்புவெளித் தோட்ட நிறுவனம், மாற்றுத்திறனாளிகளுக்குச் சம்பளத்துடன் வேலையும் தரக்கூடாதா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். தந்துவிட்டார்கள்! பார்வையற்ற தம்பி ஒருவர் திங்கட்கிழமை சேர்ந்தார்.

நேற்றுப் போய்ப் பார்த்தேன். மணல், மாட்டெரு, தேங்காய்த் தும்புத்தூள் மூன்றையும் கையால் அளந்தே கலக்கிறார். நமது கடலோர மணலில் தண்ணீர் நிற்காது. தும்புத்தூள்தான் ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஒரு பிடியை அழுத்திப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் தும்பு வேண்டும், அண்ணா" என்றார். கறிவேப்பிலைக் கன்றையும் தேசிக்கன்றையும் இலையை முகர்ந்தே பிரிக்கிறார்.

சக்கர நாற்காலிக்குப் பாதைதான் இன்னும் இல்லை. மாரிக்கு முன் போடுவதாக முதலாளி சொன்னார். வேலைக்குச் சேர்ப்பதில் பாகுபாடு கூடாது என்று மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமே சொல்கிறது. நாம் கேட்பது சலுகை அல்ல. பாதை போட்டதும் எழுதுகிறேன்.