உவரிப் பக்கம் பூட்டிக் கிடக்கும் ஆச்சி வீடு: போய் இருந்துவிடலாமா?

ஓலைப்பெட்டி:

வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இப்போதுதான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். வயது 47. சென்னை மடிப்பாக்கத்தில் வாடகை வீடு. பார்ப்பது கணக்கு வேலை, நெட் இருந்தால் எங்கே உட்கார்ந்தும் பார்க்கலாம். மகன் கோயம்புத்தூரில் காலேஜ் சேர்ந்துவிட்டான். அப்பாவின் ஊர் உவரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் (பெயரைச் சொன்னால் சொந்தக்காரர்கள் இரண்டே நிமிடத்தில் ஆளைப் பிடித்துவிடுவார்கள்). அங்கே ஆச்சி வீடு இருக்கிறது. கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் நாலு பனையும் ஒரு மணல் மேடும்தான். ஆச்சி போன பிறகு 6 வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. அப்பாவும் 2 வருஷம் முன்னால் தவறிவிட்டார்.

சின்ன வயதில் முழுப்பரீட்சை முடிந்த அன்று ராத்திரியே கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ். வள்ளியூரில் இறங்கி, திசையன்விளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். ஓலைப் பட்டையில் பதநீரை ஊற்றி அதற்குள் நுங்கைத் தோண்டிப் போட்டு ஆச்சி கையில் தருவாள். ஒன்பது வயதில் எனக்கு மஞ்சள் காமாலை வந்து தேறியது, அதற்காக உவரி சுயம்புலிங்கசாமி கோயிலில் மண் சுமப்பதாக நேர்ந்திருந்தாள். கடலுக்குள் இறங்கி ஓலைப்பெட்டியில் மணலை அள்ளித் தலையில் வைத்துக் கரையில் கொண்டுவந்து கொட்ட வேண்டும், 11 பெட்டி. ஈரமணலின் தண்ணீர் காதோரம் வடிந்து வாய்க்குள் போகும், துடைக்க முடியாது, இரண்டு கையும் பெட்டியில் இருக்கும். ஏழாவது பெட்டியில் அழுதுவிட்டேன். மிச்சம் நாலையும் ஆச்சி தன் தலையில் வைத்துக்கொண்டு என்னைச் சும்மா கூட நடக்கவிட்டாள். அது சாமி கணக்கில் சேர்ந்ததா இல்லையா என்று இன்றைக்கும் ஒரு சந்தேகம் உண்டு.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது வீட்டைத் திறந்தேன். பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கதவுக்கு உள்பக்கம் ஒரு மரக்கால் மணல், இடுக்கு வழியாகவே வந்து சேர்ந்திருக்கிறது. ஃபேன் இறக்கையைத் தொட்டேன், துரு செதில் செதிலாகக் கையோடு வந்தது. அன்று ராத்திரி திண்ணையில் படுத்தவன் காலை வரை எழுந்திருக்கவில்லை. சென்னையில் 22 வருஷம், பெசன்ட் நகருக்கு எத்தனையோ தடவை போயாகிவிட்டது, அந்தக் கடல் ஒருநாளும் என் கடலாகத் தோன்றியதில்லை.

போய் இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன். பழைய வீட்டை இடித்துவிட்டு மாடியோடு கான்கிரீட் வீடு கட்டலாமா, இல்லை அப்படியே சரிபண்ணலாமா? என் மனைவிக்குக் கும்பகோணம். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், "குடிக்கத் தண்ணி எங்கேர்ந்து வரும்?" என்னிடம் பதில் இல்லை.

தேரிக்காட்டான்:

தம்பி, இடிக்காதீங்க. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பொறவு.

ஏற்றத்தில் கடல் வந்து தொடும் கோட்டிலிருந்து 500 மீட்டருக்கு சி.ஆர்.இசட். என்கிற கடலோர ஒழுங்குமுறை மண்டலச் சட்டம் உண்டு. கிராமக் கரைகளில் பொதுவாக முதல் 200 மீட்டர், புதுசாகக் கட்டக்கூடாத இடம். மக்கள் நெருக்கமாக இருக்கிற ஊர்களுக்கு 2019 அறிவிக்கையில் தளர்வு இருக்கிறது, உங்கள் புல எண் எதில் விழுகிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதியோடு இருக்கிற பழைய வீட்டைப் பழுது பார்க்கலாம், அதே அடித்தள அளவுக்குத் திருப்பியும் கட்டலாம், அளவைக் கூட்ட முடியாது. நீங்கள் சொல்கிற நாலு பனைத் தூரத்தில் மாடி என்பதெல்லாம் கனவு. இடித்துப் போட்டுவிட்டுப் பிறகு விசாரிக்கப் போனால் வீடும் இல்லை, மனையும் இல்லை.

சட்டம் கிடக்கட்டும், உப்புக்காற்றில் கான்கிரீட் பாடு எங்களுக்குத் தெரியும். உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்துப் பருக்கும், பருத்தால் மேலே இருக்கிற பூச்சை வெடித்துத் தள்ளும். உங்கள் ஆச்சி வீடு பனங்கையும் (கூரைக்குப் போடுகிற பனஞ்சட்டம்) ஓடும் சுண்ணாம்புச் சுவருமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வைரம் பாய்ந்த பனங்கை என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் அப்படியே நிற்கிறது, நான் 2018இல் பம்பாயிலிருந்து வந்து போட்ட ஜன்னல் கிரில்லை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. நான் பண்ணின கோட்டித்தனம் இன்னொன்று, கொத்தனார் பேச்சைக் கேட்டுச் சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூசினது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டாவது மழைக்காலத்தில் சுவர் முழுக்க உப்புப் பூத்து, விரலால் தட்டினால் பொக்கென்று பெயர்ந்து விழுந்தது. மொத்தத்தையும் கொத்தி எடுத்து மறுபடி சுண்ணாம்பே பூசினேன், செலவு இரண்டு மடங்கு. ஏ.சி. வேண்டாம், வெளியே வைக்கிற பெட்டியின் தகடு மூன்றே வருஷத்தில் அப்பளமாக நொறுங்கிவிட்டது. ஃபிரிட்ஜுக்கு அடியில் மரப்பலகை போடுங்கள்.

பட்டா யார் பெயரில்? ஆச்சி பெயரில் இருந்தால் உங்கள் அப்பா மட்டும் வாரிசு இல்லை, அவரோடு பிறந்த அத்தைமாருக்கும் பங்கு இருக்கிறது. வில்லங்கம் போட்டுப் பாருங்கள். நான் ஊரில் பார்த்த சண்டையில் முக்கால்வாசி, அத்தைகளைக் கேட்காமல் கொத்தனாரைக் கூட்டிவந்ததில் ஆரம்பித்தது.

கரைக்காரி:

உங்கள் வீட்டம்மா சரியான கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஆண்கள் அலைச் சத்தத்தைப் பற்றி எழுதுவீர்கள், குடத்தைத் தூக்குகிறது நாங்கள்தானே.

குடிதண்ணீர் தாமிரபரணிக் கூட்டுக்குடிநீர்த் திட்டத்தில் குழாயில் வருகிறது, ஆனால் தினமும் வரும் என்று எண்ணி வரவேண்டாம். எங்கள் தெருவில் நாலு நாளைக்கு ஒருதரம், சில சமயம் ராத்திரி ரெண்டு மணிக்கு. சின்டெக்ஸ் ரெண்டு வைத்துக்கொள்ளுங்கள். புழங்குகிறதற்கு வீட்டுக் கிணறு இருக்கிறதா? இருந்தால் அதைத் தூர் வாருங்கள், போர் மட்டும் போட்டுவிடாதீர்கள். கடல் பக்கத்தில் மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கும், எடை குறைவு அல்லவா. ஆழமில்லாத கிணற்றில் வாளி போட்டு இறைத்தால் அந்த நல்ல தண்ணீர் வரும். திருச்செந்தூர் நாழிக்கிணற்றில் கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் குடிக்கிற தண்ணீர் ஊறுகிறதே, அதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய மோட்டாராகப் போட்டு உறிஞ்சினால் அடியில் இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும், ஏறினது லேசில் இறங்காது. எங்கள் பக்கத்து வீட்டில் அப்படித்தான் ஆச்சு, அவர்கள் போர் போட்டதில் எங்கள் கிணறும் சேர்ந்து கரித்துவிட்டது. இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

ஆஸ்பத்திரி. காய்ச்சல் தலைவலிக்குத் திசையன்விளை போதும். நெஞ்சுவலி என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரி, இல்லை நாகர்கோவில், காரில் போனாலும் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். என் மாமியாரை ராத்திரி அப்படிக் கொண்டுபோனோம், நாங்குநேரி தாண்டுகிற வரைக்கும் அவர்கள் கையை விடவில்லை நான். பிழைத்துக்கொண்டார்கள், இப்போது முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் இருவருக்கும் சுகர், பிரஷர் ஏதாவது இருந்தால் இதை யோசியுங்கள்.

அப்புறம் அந்த அம்மாவுக்கு இங்கே பேச யார் இருக்கிறார்கள்? உங்களுக்கு ஊர், அவர்களுக்கு அப்படி இல்லை. நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். "வெரசா", "பைய" எல்லாம் பழக எனக்கு ஒரு வருஷம், மீன் கழுவப் பழக அதைவிடக் கூட ஆச்சு.

கச்சான்:

நான் கரைக்காரன், அப்பா வள்ளத்தில் போனவர், நான் கப்பலில் இருக்கிறேன், லீவில் வந்திருக்கிறேன். நேராகவே சொல்கிறேன், கோபப்படாதீங்க அண்ணாச்சி. உங்களுக்குப் பிடித்திருக்கிறது எங்கள் ஊர் இல்லை, எங்கள் ஊருடைய சித்திரை மாசம். பதநீர், நுங்கு, கொல்லாம்பழம், எல்லாம் ஒரே சமயத்தில் இருக்கிற மாசம். போனது தை மாசம், அப்பவும் கடல் தெளிவு, ராத்திரி குளிர்ச்சி. திண்ணையில் யார்தான் தூங்கமாட்டார்கள்?

ஆடியில் வந்தது உண்டா? ஆனி பிறந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று கிளம்பும், முப்பந்தலிலும் ராதாபுரம் பக்கமும் காற்றாலை அத்தனை நட்டு வைத்திருப்பது சும்மாவா. ஆவணி வரைக்கும் நிற்காது. தேரிச் செம்மண்ணும் கடற்கரை மணலும் பறந்து சோற்றில் விழும், தலையில் விழும், கொடியில் போட்ட வேட்டி அடுத்த தெருவில் கிடக்கும். கதவைத் திறந்தால் மண், மூடினால் புழுக்கம். உங்கள் மரக்கால் மணல் ஆறு வருஷக் கணக்கு என்று நினைக்கிறீர்கள், ஒரே ஆடி போதும். மூன்று மாசம் காதுக்குள் அந்த இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும், எங்கள் அம்மா ஆடி மாசத்தில் எதற்கெடுத்தாலும் கத்துவாள், காற்றில் கேட்காது என்று கத்திக் கத்தி அதுவே பழக்கமாகிவிடும்.

ஐப்பசி கார்த்திகையில் மழை, அதுவும் சில வருஷம் எட்டிப் பார்க்காது, சில வருஷம் கொட்டித் தீர்க்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் ஆட்களோடு மாட்டிக்கொண்டு நின்றதே, ஞாபகம் இருக்கும். கள்ளக்கடல் வேறு. இங்கே காற்றே இருக்காது, எங்கோ தெற்கே பெருங்கடலில் அடித்த காற்றுக்கு இங்கே அலை ஏறி வரும், வள்ளத்தை மேலே இழுத்துப் போட நேரம் இருக்காது. மண்ணரிப்புக்குத் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிக் கட்டுகிற கல் தடுப்பு) கேட்டு எத்தனை ஊரில் போராட்டம் நடந்திருக்கிறது என்று பாருங்கள். உங்கள் மணல் மேடு நீங்கள் ஒன்பது வயதில் பார்த்த அளவுக்கு இன்னும் இருக்கிறதா?

கூடங்குளம் பற்றி யாரும் கேட்கவில்லை, வீட்டம்மா கேட்பார்கள். முதல் உலை 2013இலும் இரண்டாவது 2016இலும் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தது, பக்கத்தில் இன்னும் நாலு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அணுஉலை வேண்டாம் என்று போராடின இடிந்தகரைப் பந்தலில் எங்கள் சித்தியும் உட்கார்ந்திருந்தாள். அங்கே சம்பளம் வாங்குகிறவனும் எங்கள் வீட்டிலேயே இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் ஒரே சட்டியில் மீன்குழம்பு சாப்பிடுவார்கள், அந்தப் பேச்சை மட்டும் எடுக்கமாட்டார்கள். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

வராதீங்க என்று சொல்லவில்லை. மடிப்பாக்கம் வீட்டைக் காலி பண்ணாமல் ஆடி முழுக்க வந்து இருந்து பாருங்கள், வீட்டம்மாவோடு. கடைசியாக ஒரு கேள்வி. உங்கள் அப்பா ஊர்க் கோயில் கொடை விழாவுக்கு வரி கொடுத்துக்கொண்டிருந்தாரா? எங்களுக்குக் கோயில் திருவிழா, உங்களுக்குக் கொடை, ரெண்டிலும் விஷயம் ஒன்றுதான். வரி நோட்டில் பெயர் இருந்தால் நீங்கள் ஊர்க்காரர், இல்லாவிட்டால் திசையன்விளை லாட்ஜில் தங்க வேண்டிய விருந்தாளி.

ஓலைப்பெட்டி:

எல்லாருக்கும் நன்றி. கச்சான், கோபம் வந்தது உண்மைதான், ராத்திரி போனது. யோசித்துப் பார்த்தால் 47 வருஷத்தில் ஒரு தடவைகூட ஆனி ஆடியில் அங்கே கால் வைத்ததில்லை. மணல் மேடு பாதிதான் இருக்கிறது, அதைப் பார்த்தும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

பட்டா ஆச்சி பெயரில்தான். அத்தைமார் இரண்டு பேர், ஒருவர் தூத்துக்குடி, சின்ன அத்தை திசையன்விளை, வீட்டுச் சாவியே அவரிடம்தான். நேற்று போன் பண்ணினேன். பங்கு பற்றிப் பேச்செடுக்கக் கூச்சமாக இருந்தது, சுற்றி வளைத்து வரியைக் கேட்டேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்பா வருஷா வருஷம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தாராம், எங்கள் யாருக்கும் தெரியாது. அவர் போன பிறகு 2 வருஷமும் அத்தை தன் பணத்தைப் போட்டு அப்பா பெயரிலேயே கட்டியிருக்கிறார். "பேரை எடுத்துட்டா பொறவு சேக்கது கஷ்டம்லா" என்கிறார்.

ஆடி 1ஆம் தேதிக்கு வள்ளியூருக்கு இரண்டு டிக்கெட் போட்டுவிட்டேன். அவள் சம்மதித்தது எனக்கே ஆச்சரியம், கரைக்காரி எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன், அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு வருகிற தண்ணீரை யார் பிடிப்பது என்று இப்போதே பேச்சு ஓடுகிறது. அத்தைக்கு அந்த 2 வருஷப் பணத்தைக் கொடுத்தால் தப்பாக நினைப்பாரா? இந்த வருஷ வரியை போனிலேயே அனுப்பிவிடலாமா?

கரைக்காரி:

அத்தையிடம் பணமாக நீட்டாதீர்கள், ஒரு நல்ல சேலை எடுத்துக் கொடுங்கள், பங்கு விஷயம் அவர்களாகவே பேசுவார்கள். வீட்டம்மாவிடம் என் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், தனிச்செய்தியில் நம்பர் தருகிறேன்.

கச்சான்:

வரியெல்லாம் இப்போது போனிலேயே வாங்குகிறார்கள். ஆனால் கொடை ஆவணியில் என்றால் ஆளாக வந்து நின்று கொடுங்கள், மைக்கில் பெயர் வாசிப்பார்கள். அதுவரை தாக்குப்பிடித்து இருந்தால்தானே. கண்ணுக்கு ஒரு கண்ணாடி எடுத்துக்கொண்டு வாங்க, கூலிங்கிளாஸ் இல்லை, பைக் ஓட்டுகிறவன் போடுவானே, ஓரம் மூடினது, அது.